கொலைக்கருவியில் விளையும் ஊதியம் நமக்கு வேண்டா!

ஒருவன் தன் பொருளை எவ்வழியில் ஈட்டினான் என்று கேட்பது நம் முன்னோர் வழக்கம். ஈட்டிய பொருளை எவ்வழியிற் பெருக்குகின்றான் என்று கேட்பதை நாம் மறந்துவிட்டோம். கள் விற்றுப் பொருள் சேர்த்தவனை ஊர் பழிக்கும். கடுவட்டி வாங்கியவனை ஊர் பழிக்கும். ஆனால், தன் கைப்பணத்தை ஒரு படைக்கல நிறுவனத்தின் பங்கில் இட்டு, எங்கோ ஒரு நாட்டிற் குண்டு விழுந்தமையால் அப்பங்கின் விலை ஏற, அவ்வேற்றத்தைக் கொண்டு தன் மகள் திருமணத்தை நடத்துபவனை இன்று எவரும் பழிப்பதில்லை. 'காலம் அறிந்து பணம் போட்டவன்; கெட்டிக்காரன்' என்று புகழ்கின்றனர். அப்புகழ்ச்சி பொய்ப்புகழ்ச்சி என்று காட்டுதற்கே இதனை எழுதுகின்றோம்.

ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளப் படை வைத்திருத்தல் வேறு. அப்படைக்கு வேண்டும் கொலைக்கருவியைக் குடும்பச் சேமிப்பு வளரும் விளைநிலமாக்குதல் வேறு. முன்னது வரிப்பணத்தால், மக்கள் மன்றத்தின் முன் கணக்குக் காட்டிச் செய்யவேண்டிய கடமை. பின்னது ஊதியத்துக்காகச் செய்யும் வணிகம். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பி, பின்னதற்கும் நாட்டுப்பற்று என்று பெயர் சூட்டி, தமிழனின் பணத்தை அவன் அறியாமலே அதில் இறக்கிவிட்டனர். இதனை அவன் அறிதல் வேண்டும். அறிந்தபின், 'எனக்கு வேண்டா' என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு வேண்டும்.

பணம் போகும் வழி

உத்தரமேரூர் வட்டத்துச் சாலவாக்கத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்த இளைஞர் பலர் இன்று ஏர் பிடிப்பதில்லை. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிப் போகின்றனர். அவர்தம் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு வருங்கால வைப்புத்தொகைக்கெனப் பிடிக்கப்படுகின்றது. இப்பிடித்தம் அவர்களைக் கேட்டு நடப்பதன்று, சட்டத்தால் நடப்பது. முதுமைக்கு ஒரு பிடி சோறு என்னும் நல்ல நோக்கத்தோடு அமைந்த சட்டம் அது. அதனை யாம் குறை கூறவில்லை. பிடித்த பணம் எங்குப் போகின்றது என்பதே நம் வினா.

2015 வரையில் அப்பணம் அரசுக் கடன்பத்திரங்களிலும் அவைபோன்ற வட்டிப் பத்திரங்களிலுமே இருந்தது. அவ்வாண்டு ஆகத்துத் திங்கள் முதல் அதில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் இடத் தொடங்கினர். புதிதாக வரும் தொகையில் முதலில் நூற்றுக்கு 5. மறு ஆண்டு 10. 2017-இல் 15 என்று அப்பகுதி வளர்ந்தது. வைப்புத்தொகை நிறுவனம் தனித்தனி நிறுவனங்களைத் தெரிந்து பங்கு வாங்குவதில்லை. 'நிப்டி' என்றும் 'சென்செக்சு' என்றும் சொல்லப்படும் பட்டியல்களில் எந்தெந்த நிறுவனங்கள் உள்ளனவோ அவற்றின் பங்குகளை அப்படியே கட்டிவைத்த தொகுப்புகளை வாங்குகின்றது. பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், நம் இளைஞனின் பணமும் அந்நிறுவனத்துள் ஏறுகின்றது. அவனை எவரும் கேட்பதில்லை. அவனுக்கு எவரும் சொல்வதுமில்லை.

2024 செப்டம்பர் 30 முதல் 'நிப்டி'ப் பட்டியலில் ஒரு பெயர் ஏறிற்று. 2025 சூன் 23 முதல் 'சென்செக்சு'ப் பட்டியலிலும் அதே பெயர் ஏறிற்று. அது பாரத் எலக்ட்ரானிக்சு. பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பெற்று, படைத்துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் இந்திய அரசு நிறுவனம். (திருச்சியிற் கொதிகலன் செய்யும் 'பெல்' நிறுவனம் வேறு, இது வேறு.) சென்னை நந்தம்பாக்கத்திலும் இதற்குத் தொழிற்சாலை உண்டு.

வாழ்நாள் காப்பீட்டுக் கழகத்தின் (எல்.ஐ.சி.) வழியும் இதுவே. 1956-இல் அரசுடைமையான அக்கழகத்தை நம்பி, நெல் விற்ற பணத்தையும் பால் விற்ற பணத்தையும் சிறுகச் சிறுகக் கட்டிவரும் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்துணையோ! 2018 மார்ச்சுத் திங்களில் போர் வானூர்தி செய்யும் இந்துத்தான் ஏரோநாட்டிக்சு (எச்.ஏ.எல்.) நிறுவனத்தின் பங்குகளை 4,000 கோடி உருபாவுக்கு மேற்பட்ட விலைக்குத் தில்லி அரசு சந்தையில் விற்றது. வாங்குவாரிடை ஆர்வம் இல்லை. விற்பனை முழுமையுறா நிலையில், பெரும்பகுதியை இக்கழகமே வாங்கித் தாங்கிற்று. தாங்கிய கை கழகத்தினது, பணம் யாருடையது? தன் சாவுக்குப் பின் மனைவி மக்கள் தவிக்கலாகாதே என்று கட்டியவன் பணம் அது. தன் சாவை எண்ணிக் கட்டிய பணம் பிறர் சாவுக்கான கருவியில் முதலாயிற்று!

இவையிரண்டும் அறியாமற் போகும் வழிகள். அறிந்தே போகும் வழியும் இன்று திறந்துவிட்டது. படைக்கல நிறுவனங்களின் பங்குகளுக்கென்றே 2022-இல் தனிப் பட்டியல் ஒன்று வகுத்தனர். 2023-இல் படைத்துறைக்கென்றே பொதுமக்களிடம் பணம் திரட்டும் தனி முதலீட்டுத் தொகுப்பைத் தொடங்கினர். பின்னர் வேறு பலவும் தொடர்ந்தன. திங்களுக்கு 500 உருபா இருந்தாற் போதும், கைப்பேசியிலேயே சேரலாம் என்கின்றனர். கல்லூரிப் பிள்ளைகள் சேருகின்றனர்.

அக்கருவி யார்மேல் திரும்பிற்று?

'நாட்டைக் காக்கும் கருவிதானே, அதிற் பணமிட்டால் என்ன?' என்பர். அக்கருவி எங்கெங்குப் போயிற்று என்று பார்ப்போம்.

2008 செப்டம்பர் 9 அன்று வவுனியாவில் உள்ள சிங்களப் படைத்தளம் தாக்கப்பட்டது. அத்தாக்கில் இந்தியப் பொறியாளர் இருவர் புண்பட்டனர் என்னும் செய்தி மறுநாள் வெளிவந்தது. தமிழகம் திடுக்குற்றது. சிங்களப் படைத்தளத்தில் இந்தியப் பொறியாளர்க்கு என்ன வேலை? தாழப் பறக்கும் வானூர்தியை அலைவழிக் கண்டறியும் 'இந்திரா' என்னும் 'ராடார்' கருவிகளை இந்தியா இலங்கை வான்படைக்கு வழங்கியிருந்தது. அக்கருவிகளைப் பேணுதற்கே அவர்கள் அங்கிருந்தனர். அவற்றைச் செய்த நிறுவனம் எது? மேலே பெயர் சொன்ன அதே பாரத் எலக்ட்ரானிக்சு.

அதன்பின் எட்டுத் திங்கள் கழித்து முள்ளிவாய்க்கால் நிகழ்ந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரையில் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலர் அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் அறிவித்தது. அந்தக் கண்டறி கருவிதான் அவ்வளவு பேரையும் கொன்றது என்று யாம் சொல்லவில்லை; அவ்வாறு சொல்லுதல் பொய்யாகும். ஆனால், கொன்ற படையின் கண்ணாக ஒரு கருவி நின்றது. அதனைச் செய்தவன் அதற்கு விலை பெற்றான். அவ்விலையில் ஊதியம் விளைந்தது. அந்நிறுவனத்தின் பங்கு இன்று சாலவாக்கத்து இளைஞனின் முதுமைப் பணத்துள் இருக்கின்றது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி பொய் என்று எவரேனும் காட்டட்டும்.

அதோடு நின்றதா? 2021 பிப்பிரவரி 1 அன்று பருமாவில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கவர்ந்தனர். எதிர்த்த மக்களை ஊர் ஊராகக் குண்டு வீசிக் கொன்றனர். அக்கொடுங்கோலர்க்கு எந்தெந்த நாடுகளிலிருந்து படைக்கலமும் அதன் உறுப்புகளும் சென்றன என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 2023 மே திங்களில் ஓர் அறிக்கை வெளியிட்டார். உருசியம், சீனம், சிங்கப்பூர் ஆகியவற்றுக்குப் பின் இந்தியாவின் பெயரும் அதில் இருந்தது. இந்தியாவிலிருந்து சென்ற பொருளின் மதிப்பு 5 கோடியே 10 இலக்கம் தாலர். அனுப்பியவற்றுள் அரசு நிறுவனங்களும் உண்டு. பாரத் எலக்ட்ரானிக்சும் உண்டு. இரங்கூனிலும் அதன் சுற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்துவருகின்றனர் என்பதை நினைவிற் கொள்க.

இன்னும் அண்மையிலே வருவோம். 2024 மே திங்களில் 'மாரியான் தானிக்கா' என்னும் கப்பல் தம் துறைமுகத்துள் நுழைய இசுபானிய அரசு மறுத்தது. இசுரேலுக்குப் படைக்கலம் ஏற்றிச் செல்கின்றது என்பதே மறுப்புக்குச் சொன்ன கரணியம். அக்கப்பல் புறப்பட்ட துறைமுகம் எது தெரியுமா? நம் சென்னை! ஏறத்தாழ 27 டன் வெடிபொருள் அதில் இருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. காசாவிற் பள்ளியும் மருத்துவமனையும் இடிந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அயலானாகிய இசுபானியன் 'என் துறையிற் கால் வைக்காதே' என்றான். நாமோ அக்கப்பலை வழியனுப்பியதுகூட அறியாமல் இருந்தோம்.

இந்தியாவின் படைக்கல ஏற்றுமதி 2013-14-இல் 686 கோடி உருபாவாக இருந்தது. 2024-25-இல் 23,622 கோடியாயிற்று. இதனைப் பெருமையாகச் சொல்கின்றனர். நாட்டைக் காத்தற்கே படைக்கலம் என்றால், அயல்நாட்டுக்கு விற்ற படைக்கலம் எந்த நாட்டைக் காக்கின்றது? விற்றபின் அது யார் கையில், யார்மேல் திரும்பும் என்பதை விற்றவன் ஆளமுடியுமா? வவுனியா அதற்கு விடை சொல்லிவிட்டது.

வரி வேறு, பங்கு வேறு

இனி, அடிப்படைக்கு வருவோம். வரி செலுத்துபவனும் படைக்குப் பணம் தருகின்றான். பங்கு வாங்குபவனும் பணம் தருகின்றான். இருவர்க்கும் என்ன வேற்றுமை?

வரி செலுத்துபவனுக்குப் போர் ஒரு சுமை. போர் நின்றால் அவன் மகிழ்வான், சுமை குறையும். பங்குடையவனுக்குப் போர் ஒரு விளைச்சல். போர் நின்றால் அவன் வருந்துவான், விலை குறையும். ஒரே மாந்தன்தான்; அவன் பணம் எவ்வழியிற் சென்றது என்பதனால் அவன் நெஞ்சின் விருப்பமே மாறிவிடுகின்றது. இதுவே படைக்கலப் பங்கின் முதற்கேடு.

இது வெறும் கற்பனையன்று. 2025 ஏப்பிரல் 22 அன்று பகல்காமில் கொடியவர் சுற்றுலா மக்களைச் சுட்டுக் கொன்றனர். மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாக்கித்தானும் மோதின. எல்லையோரத்துப் பூஞ்சில் பீரங்கிக் குண்டு விழுந்து பொதுமக்கள் மாண்டனர், பிள்ளைகளும் மாண்டனர். அடுத்த கிழமையில் படைக்கல நிறுவனங்களின் பங்குகள் விலை பாய்ந்து ஏறின. கருவிகள் களத்தில் நன்கு வேலை செய்தன. இனி மேலும் வாங்குவர் என்பது சந்தையின் கணக்கு. பூஞ்சில் பிணம் எடுத்தவன் வீட்டில் அழுகுரல். இங்கே கைப்பேசியிற் பச்சைக் கோடு ஏறியதைக் கண்டவன் வீட்டில் மகிழ்ச்சி. அவன் இயல்பிற் கொடியவன் அல்லன், நம்மைப்போன்ற ஒருவனே. அவனை அம்மகிழ்ச்சிக்கு ஆளாக்கியது அவன் கையிலிருந்த பங்கு.

அயலிலும் இதே கதை. உக்கிரேனில் அமைதி வரக்கூடும் என்னும் செய்தி 2025-இல் எழுந்தபோதெல்லாம் செருமானியப் படைக்கல நிறுவனமாகிய இரைன்மெட்டாலின் பங்கு சரிந்தது. அமைதி என்னும் சொல்லைக் கேட்டு விலை விழுகின்ற பொருள் உலகில் வேறு என்ன இருக்கின்றது? நெல்லின் விலை அமைதியைக் கேட்டு விழாது. துணியின் விலை விழாது. அமைதியை இழப்பாகக் கணக்கெழுதும் ஒரு பொருளைத் தன் பிள்ளைக்குச் சொத்தாக வைத்துச் செல்வது எத்தகைய தந்தைமை?

'பங்கு விற்காமல் படைக்கலத் தொழிற்சாலை நடத்த முடியுமா?' என்று சிலர் வினவுவர். நடத்தினார்களே! நீலமலையில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஆவடியில் கவச ஊர்தித் தொழிற்சாலையும், 1966 முதல் திருச்சியில் துமுக்கித் தொழிற்சாலையும் இயங்கிவந்தன. இவையெல்லாம் அரசின் துறைகளாகவே இருந்தன. ஒரு பங்கும் இல்லை, ஈவும் இல்லை. படைக்கு வேண்டியதைச் செய்தனர். செலவை நாடாளுமன்றம் கேட்டது. 2021 அத்தோபர் 1 அன்று அத்துறையைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கினர். தொழிலாளர் எதிர்த்தனர், வேலைநிறுத்தத்தைத் தடுக்க அவ்வாண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினர். நிறுவனமாக்கியபின் அடுத்த படி பங்கு விற்பனையே என்று தொழிலாளர் அஞ்சியதில் என்ன தவறு?

எதிர்வாதம் செய்வார்க்கு

'வள்ளுவரே படையை அரசின் உறுப்பாகச் சொன்னாரே' என்பர் ஒருசாரார். சொன்னார். படைமாட்சி என்றும் படைச்செருக்கு என்றும் இரண்டு அதிகாரம் வைத்தார். ஆனால் எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசின் கடமைகளோடு வைத்தார். இல்வாழ்வான் பொருள் பெருக்கும் வழியாக வைக்கவில்லை. படைமாட்சிக்கு முன் நிற்பது பொருள்செயல்வகை. தீதின்றி வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அது மட்டுமன்று. புலால் உண்பார் இல்லாவிடின் அதனை விலைக்கு விற்பாரும் இரார் என்று அவர் புலான்மறுத்தலில் வழக்காடினார். 'நான் கொல்லவில்லையே, வாங்கத்தானே செய்தேன்' என்பவனுக்கு அன்றே சொன்ன விடை அது. 'நான் சுடவில்லையே, பங்குதானே வைத்தேன்' என்பவனுக்கும் அதுவே விடை.

'தமிழன் மறக்குடியினன், படைக்கலம் கண்டு அஞ்சலாமா?' என்பர் வேறொரு சாரார். நன்று கேட்டனர். தொண்டை நாடெங்கும் நடுகல் உண்டு. ஆநிரை மீட்கப் போய்ப் பட்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். அவன் தன் உயிரை முதலாக வைத்தவன். வேல் வடித்துக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்து வட்டி எண்ணியவனுக்கு எந்த ஊரில் கல் நட்டனர்? அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலில் மாலை சூட்டி நெய் பூசி ஒளிவிட்டுக்கொண்டிருந்த புதுக்கருவிகளைக் கண்டு என்ன நினைத்தார் என்பதைப் புறநானூறு படித்தவர் அறிவர். அழகாக அடுக்கிய படைக்கலத்தைப் பார்த்து மயங்காத கண் தமிழ்ப் பாட்டியின் கண். மறம் என்பது தன்னைக் கொடுப்பது. தன்னை வீட்டில் வைத்துக்கொண்டு பிறன் சாவிற் பங்கு கேட்பதற்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு.

'தமிழ்நாட்டுக்கு வேலை வருகின்றதே' என்பது மூன்றாவது வாதம். 2019 சனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைத்த படைத்துறைத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைப்பது. நம் காஞ்சி மாவட்டத்து வல்லம் வடகாலில் வானூர்தித் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. அங்கு வேலைக்குப் போகும் பிள்ளையை யாம் குற்றவாளி என்று சொல்லவில்லை. உழைப்பவன் தன் வியர்வைக்குக் கூலி பெறுகின்றான்; நாளை அதே கடைசற்பொறியில் நீரேற்றியின் உறுப்பைச் செய்யச் சொன்னாலும் செய்வான். போர் பெருகவேண்டும் என்னும் தேவை அவன் கூலிக்கு இல்லை. பங்குக்கு அத்தேவை உண்டு. மேலும், வேலை தருவதொன்றே அறமாகுமென்றால் சாராயக் கடையும் வேலை தருகின்றது.

'நான் ஒருவன் விலகினால் என்ன ஆகும்? வேறொருவன் வாங்குவான், என் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே' என்பது கடைசி வாதம். ஏரிக்கரையிற் கல்லைப் பெயர்த்தவன் ஒவ்வொருவனும் இதனைத்தான் சொன்னான்; ஏரி உடைந்தபோது அவன் வயலும் போயிற்று. நூற்றில் ஒன்று என்பது உண்மையே. ஆனால் நஞ்சு எத்துணைச் சிறிதாயினும் அதனை உணவெனப் பரிமாறுவார் உண்டா? அறிந்தபின் வைத்திருப்பதும் அறியாமல் வைத்திருப்பதும் ஒன்றாகா.

உத்தரமேரூர்ச் சுவர் சொல்வது

பிறருடைய பணத்தை வைத்திருப்பவன் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு நாம் தொலைவிற் போகவேண்டுவதில்லை. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. முப்பது குடும்புகளினின்று குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரிக்கின்றன. ஏரி வாரியம் இருந்தது. தோட்ட வாரியம் இருந்தது. பொன் வாரியமும் இருந்தது. அவ்வவை பார்ப்பனர் அவை. வடமொழி மறை கற்றவர்க்கே அதில் இடம் தந்தது. அந்தக் கூற்றை நாம் போற்றுவதற்கில்லை. ஆயினும், அதிற் கொள்ளத்தக்க நெறியொன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரையும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்று கல்லில் வெட்டினர். பொதுப்பணம் தொட்டவன் கணக்குக் காட்டவேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முற்பட்ட சட்டம்!

இன்னொன்றும் காண்க. அக்காலத்தில் ஒருவன் கோயில் விளக்குக்கு ஆடு விடுவான். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு. 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றைக் கல்வெட்டுகள் சொல்லும். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்வதால் மந்தை குறையாது, நெய் நிற்காது, விளக்கு அணையாது. முதல் அழியாமல், அதன் வருவாய் மட்டும் ஒரு நோக்கத்துக்குச் செல்லும் ஏற்பாடு. கொடுத்தவன் யார், பெற்றவன் யார், எந்த விளக்குக்கு, நாளொன்றுக்கு எவ்வளவு நெய் என்றெல்லாம் சுவரில் எழுதினர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்தவற்றுள் சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பொருளும் உண்டு. போர்க்கொள்ளையை நாம் புகழவில்லை. ஆனால் அதனையும் அவன் ஒளிக்காமல், இன்ன போரில் வந்தது என்று கல்லிலேயே வெட்டினான். பணத்தின் வரவும் போக்கும் வழிப்போக்கனும் படிக்கும்படி சுவரில் இருந்தன.

இன்று? வைப்புத்தொகைக்காரனுக்கு எவ்வளவு சேர்ந்தது என்னும் எண் மட்டும் தெரிகின்றது. எங்கே இருக்கின்றது என்பது தெரிவதில்லை. தொகுப்பு முதலீட்டில் சேருபவனுக்குப் பக்கம் பக்கமாகப் படிவம் தருகின்றனர், அத்தனையும் ஆங்கிலம். தமிழ் மட்டும் அறிந்த உழவன் தன் பணத்தைக் கொடுக்குங்கால் தன் மொழியில் ஒரு வரி படிக்காமல் கைந்நாட்டுப் போடுகின்றான். விளம்பரத்துக்கு மட்டும் தமிழ். பணம் கேட்பதற்கு மட்டும் தமிழ். பணம் போன இடத்தைச் சொல்வதற்குத் தமிழ் இல்லை! மொழியை மறைத்தால் அறத்தையும் மறைக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? தாய்மொழி உரிமை பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியதென்று எண்ணியிருப்போர், அது பணப்பைக்கும் உரியது என்பதை இனியேனும் உணர்க.

அயல்நாட்டார் இதில் முற்றிலும் தூய்மையர் என்று யாம் சொல்லோம். நார்வே நாடு தன் எண்ணெய் வருவாயைச் சேர்த்துவைத்த பெருந்தொகைக்கு 2004-இல் அறநெறி வகுத்தது. கொத்துக்குண்டும் அணுக்குண்டும் செய்வார் பங்குகளை விலக்கியது. விலக்கிய நிறுவனங்களின் பெயரை வெளியிட்டது. அதே நாட்டின் மன்றம் 2025 நவம்பரில், மறு ஆய்வு முடியும்வரை அந்நெறியின் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது. சுவீடனின் பெருவங்கியொன்று தன் தொகுப்புகளிலிருந்து படைக்கலத்தை விலக்குவதாக அறிவித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. உக்கிரேனிற் போர் மூண்டதும் 2022-இல் அக்கதவைத் திரும்பத் திறந்தது. அச்சம் வந்தால் அறம் தளர்கின்றது. ஆயினும் அங்கே விலக்குவதா வேண்டாவா என்னும் வழக்காவது வெளியில் நடக்கின்றது. இங்கே அவ்வினாவே எழவில்லை. எழுப்பவேண்டியவர் நாம்.

செய்யவேண்டுவன

ஆகவே, நாம் கேட்பன நான்கு.

ஒன்று: தொழிலாளர் வைப்புத்தொகை நிறுவனமும் காப்பீட்டுக் கழகமும் தம்மிடமுள்ள பணம் எந்தெந்த நிறுவனங்களின் பங்குகளில் உள்ளது என்னும் பட்டியலை ஆண்டுதோறும் ஒவ்வொரு தமிழனுக்கும் தமிழில் தருதல் வேண்டும்.

இரண்டு: படைக்கலம் கலவாத தொகுப்பு ஒன்றை அமைத்து, அதனைத் தெரிந்துகொள்ளும் உரிமையை உறுப்பினர்க்கு வழங்குதல் வேண்டும். ஊதியம் சற்றுக் குறையுமெனின் குறைக. அந்தக் குறைவைத் தாங்குவதா வேண்டாவா என்பதைப் பணத்துக்கு உரியவனே முடிவு செய்வான்.

மூன்று: நாட்டுக்காப்புக்கு வேண்டும் செலவை வரியால் மட்டும் செய்க. 2025-26-இல் மட்டும் படைத்துறைக்கு ஒதுக்கியது 6 இலக்கத்து 81 ஆயிரம் கோடி உருபா. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதிற் பங்கு செலுத்தியிருக்கின்றான். அதற்கு மேலும் அவன் முதுமைப் பணத்தைச் சுரண்டுவதற்கு என்ன தேவை?

நான்கு: அயல்நாட்டுக்குச் செல்லும் படைக்கலம் ஒவ்வொன்றும் எந்த நாட்டுக்கு, யார் கைக்குச் செல்கின்றது என்பதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வைத்தல் வேண்டும். தன் மக்களையே கொல்லும் அரசுக்கு ஒரு தோட்டாவும் போகலாகாது.

இவை பிறரைக் கேட்பன. நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுண்டு. வைப்புத்தொகையிலும் காப்பீட்டிலும் நாம் இன்று கட்டுண்டிருக்கின்றோம், அதற்குப் போராடவேண்டும். ஆனால் கைப்பேசியில் நாமே விரும்பிச் சேரும் படைத்துறைத் தொகுப்பில் நம்மைக் கட்டிப்போட்டவர் எவருமிலர். முள்ளிவாய்க்காலுக்கு ஆண்டுதோறும் மே திங்களில் விளக்கேற்றும் கை, அதே திங்களில் அத்தொகுப்புக்கு 500 உருபா அனுப்புமெனின், அவ்விளக்குக்கு என்ன பொருள்? தமிழிளைஞரே, உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். இருப்பின் இன்றே விலகுங்கள். விலகியதைப் பத்துப் பேரிடம் சொல்லுங்கள்.

சனவரி 26, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2 ஆகிய நாள்களில் ஊரவைக் கூட்டம் கூடுவது சட்டம். குடிநீரும் சாலையும் பேசும் அவ்வவையில் இதனையும் பேசுக. எங்கள் ஊர் மக்களின் வைப்புத்தொகையும் காப்பீட்டுப் பணமும் எங்கே இருக்கின்றன என்று தமிழிற் கணக்குத் தருக. கொலைக்கருவியில் எங்கள் பணத்தை இடாதீர் என்று தீர்மானம் எழுதுக. கணக்குக் காட்டாதவனுக்குக் குடத்தில் இடமில்லை என்று கல்லில் வெட்டிய வட்டத்தினின்றே அத்தீர்மானம் முதலில் எழட்டும்!